பிரிந்து போவது கட்டுபடியாகுமா? ஸ்காட்லாந்துக் கேள்விக்கு ஒரு கொங்குக் கணக்கு

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆயத்த ஆடைக்குப் பிரிட்டன் போடும் சுங்கவரியை நீக்குவது அதில் ஒரு பகுதி என்பதால் திருப்பூருக்கு அது பெரிய செய்தி. ஆனால் அந்தப் பிரிட்டன் இப்போதிருக்கும் உருவத்திலேயே நீடிக்குமா என்ற கேள்வி அங்கே தீர்ந்தபாடில்லை. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்ற கோரிக்கை 2014 வாக்கெடுப்பில் தோற்ற பிறகும் அடங்கவில்லை. ‘அம்பத்தஞ்சு லட்சம் பேர் தனியா நின்னா கட்டுபடியாகுமா?’ என்கிறது ஒரு தரப்பு. ‘கடலில் எண்ணெய் இருக்கு, விஸ்கி இருக்கு, அப்புறம் என்ன குறை?’ என்கிறது இன்னொரு தரப்பு.

இரண்டு பேரும் தவறான முனையில் பிடிக்கிறார்கள். சின்ன நாடுகள் பிழைக்கும், பல நாடுகள் செழிப்பாகவே பிழைக்கின்றன. பணம் கரைவது பிரிகிற வேலையிலும் அதற்குப் பிந்தைய முதல் பத்து ஆண்டுகளிலும்தான். அந்தச் செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் மூன்று நிலைகள்

செய்திகளில் இவை மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

1. கூட்டாட்சிக்குள் தனி மாநிலம். ரூபாய், ராணுவம், ரிசர்வ் வங்கி, சுங்கம் எதுவும் மாறாது. 2021 ஜூலையில் மத்திய இணை அமைச்சர் எல். முருகனைப் பற்றிய அரசுக் குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்று இருந்ததை ஒட்டி எழுந்த சர்ச்சை இந்த வகை. மாநிலங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்தின் அதிகாரம்.

2. அதிகாரப் பகிர்வு. ஸ்காட்லாந்து இன்று இருப்பது இங்கேதான். 1999 முதல் எடின்பரோவில் அதற்கென ஒரு நாடாளுமன்றம் இயங்குகிறது. பள்ளி, மருத்துவமனை, நீதித்துறை அதன் பொறுப்பு. நாணயம், பாதுகாப்பு, வெளியுறவு, பெரும்பாலான வரிகள் லண்டன் வசம்.

3. தனி நாடு. எல்லா அதிகாரமும் கைக்கு வரும், எல்லாக் கடனும் கூடவே வரும்.

இந்தியச் சட்டத்தில் மூன்றாவதற்கு இடமே இல்லை. 1963இல் பிரிவினைக்கு எதிரான 16ஆவது திருத்தம் வந்ததை ஒட்டித் திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. பிரிட்டனில் அப்படியில்லை. லண்டன் ஒப்புக்கொண்டால் வாக்கெடுப்பு நடத்தலாம். 2014 செப்டம்பர் 18 அன்று அப்படி நடந்ததில் 55.3 சதவீதம் பேர் சேர்ந்திருக்கவும் 44.7 சதவீதம் பேர் பிரியவும் வாக்களித்தார்கள். லண்டனைக் கேட்காமல் மறுபடி நடத்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

55 லட்சம் சிறிய எண்ணா?

2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் 34.6 லட்சம் பேர், திருப்பூர் மாவட்டத்தில் 24.8 லட்சம் பேர். இரண்டையும் கூட்டினால் ஸ்காட்லாந்தைத் தாண்டிவிடும். டென்மார்க், நார்வே, பின்லாந்து, அயர்லாந்து, ஸ்லோவாக்கியா, சிங்கப்பூர் எல்லாமே ஏறக்குறைய அதே அளவுதான். ஸ்லோவேனியா திருப்பூர் மாவட்டத்தை விடவும் சிறியது. 1945இல் ஐக்கிய நாடுகள் அவையில் 51 நாடுகள் இருந்தன, இன்று 193. புதிதாக வந்தவற்றில் பெரும்பாலானவை சிறியவை.

பெரிய நாட்டில் இருப்பதால் கிடைக்கும் லாபத்தில் முதலாவது சந்தை. உலக வணிகம் திறந்திருக்கும்வரை அதற்காக ஒரே கொடியின் கீழ் இருக்க வேண்டிய அவசியமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் முக்கிய வாடிக்கையாளர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அடுத்தது தலைச்செலவு. தூதரகம், மத்திய வங்கி, வருமான வரித்துறை ஆகியவற்றை 140 கோடிப் பேர் பகிர்ந்தால் தலைக்குச் சில்லறை, 55 லட்சம் பேர் பகிர்ந்தால் கொஞ்சம் கனம். டென்மார்க் அதைச் சுமந்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

உண்மையில் இழப்பு என்றால் அது காப்பீடுதான். ஒரு பகுதியில் தொழில் படுத்தால் மற்றப் பகுதிகளின் வரிப்பணம் கை கொடுக்கும், பெரிய நாட்டில் அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தனியாகப் போகிறவர் அந்த இடத்தைச் சேமிப்பால் நிரப்ப வேண்டும். நார்வே 1990இல் சட்டம் போட்டு எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியில் ஒதுக்கியது. அதே வட கடலில் எடுத்த எண்ணெயின் வருமானத்தைப் பிரிட்டன் ஆண்டுச் செலவில் கரைத்தது. ஸ்காட்லாந்து இன்று பிரிந்தால் காலிப் பெட்டியோடுதான் கிளம்ப வேண்டும்.

பற்றாக்குறைக் கணக்கை எப்படிப் படிப்பது?

ஸ்காட்லாந்து அரசே ஒவ்வோர் ஆண்டும் ஒரு வரவு செலவு அறிக்கை வெளியிடுகிறது. 2023-24க்கான அறிக்கையில் பற்றாக்குறை 2,270 கோடி பவுண்டு. அது அங்குள்ள மொத்த உற்பத்தியில் 10.4 சதவீதம். அதே ஆண்டு பிரிட்டன் முழுவதற்கும் அது 4.5 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 3 சதவீதம்.

இந்த எண்ணை வைத்து இரு தரப்பும் அடித்துக்கொள்கின்றன. படிக்கும்போது மனதில் வைக்க வேண்டியவை:

1. இது ஸ்காட்லாந்து பிரிட்டனுக்குள் இருக்கும் நிலையின் கணக்கு. பிரிட்டன் முழுவதன் ராணுவச் செலவிலும் கடன் வட்டியிலும் ஸ்காட்லாந்தின் தலைவீதப் பங்கு இதில் அடக்கம். தனி நாடானால் ராணுவச் செலவைக் குறைக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து 10 சதவீத ஓட்டையை அடைக்க முடியாது.

2. விஸ்கி வருமானத்தை லண்டன் மறைக்கிறது என்பது பழைய புகார். திருப்பூரில் இதை விளக்கவே தேவையில்லை. ஏற்றுமதியாகும் ஆடைக்கு ஜிஎஸ்டி கிடையாது, கட்டியிருந்தாலும் ரீஃபண்ட் வந்துவிடும். விஸ்கிக்கான பிரிட்டன் கலால் வரியும் அப்படித்தான். வெளிநாடு போகும் பாட்டிலுக்கு அது கிடையாது. ஸ்காட்லாந்துக்குக் கிடைப்பது கம்பெனிகளின் லாப வரி, தொழிலாளர் சம்பளம், அதன் மீதான வரி. அவை கணக்கில் ஏற்கெனவே இருக்கின்றன.

3. எண்ணெய் நம்பத் தகுந்த வருமானம் அல்ல. 2011-12இல் ஸ்காட்லாந்துக் கடற்பகுதி ஏறக்குறைய 1,000 கோடி பவுண்டு தந்தது. 2014 வாக்கெடுப்பின்போது பீப்பாய் 100 டாலருக்கு மேலேயே இருக்கும் என்று பிரிவினைத் தரப்பு கணக்குப் போட்டது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே விழுந்தது. 2015-16இல் கிடைத்த வருமானம் வெறும் 6 கோடி பவுண்டு. அந்த வாக்கெடுப்பு வென்றிருந்தால், புது நாட்டின் முதல் பட்ஜெட்டே இந்தச் சரிவில்தான் போடப்பட்டிருக்கும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் கொடுப்பது அதிகம், திரும்பி வருவது குறைவு’ என்பது தமிழ்நாட்டில் பழகிய வாதம். மத்திய அரசு மாநிலங்களோடு பகிரும் வரியில் 15ஆவது நிதி ஆணையம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய பங்கு 4.079 சதவீதம்தான். ஸ்பெயினில் கத்தலோனியா பேசுவதும் இதே வாதம். ஸ்காட்லாந்து இதற்கு நேரெதிர். அங்கே அரசு தலைக்குச் செய்யும் செலவு பிரிட்டன் சராசரியை விட 2,000 பவுண்டுக்கு மேல் அதிகம். கொடுக்கிறவர் பிரிந்தால் கையில் மிஞ்சும், வாங்குகிறவர் பிரிந்தால் முதல் நாளே இடிக்கும். கொங்குப் பகுதியின் வாதத்தை அப்படியே ஸ்காட்லாந்துக்குப் பொருத்துவதும், அங்குள்ள எண்களை இங்கே கொண்டுவருவதும் தப்பாகத்தான் முடியும். ‘எங்கள் ஊர் கட்டும் வரி’ என்பதைக் கணக்கிடுவதும் சுலபமில்லை. கோவையில் செய்த பம்ப்செட் ராஜஸ்தானில் விற்றால் ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு ராஜஸ்தானுக்குப் போகும், அதைக் கட்டுவதும் அங்கே வாங்கும் விவசாயிதான்.

சம்பளம் எந்த நோட்டில்?

எல்லாவற்றையும் விடச் சிக்கலான இடம் இதுதான். அதிகம் பேசப்படாத இடமும் இதுதான். பிரிகிற நாட்டுக்கு மூன்று வழிகள் உண்டு.

1. பழைய நாட்டோடு பேசி நாணயத்தைப் பகிர்ந்துகொள்வது. 2014இல் ஸ்காட்லாந்து கேட்டது இதைத்தான். பிரிட்டன் நிதி அமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே முடியாது என்று அறிவித்துவிட்டார்.

2. கேட்காமலே பழைய நாணயத்தில் தொடர்வது. ஈக்வடார் 2000 முதல் அமெரிக்க டாலரில் ஓடுகிறது. மாண்டினீக்ரோ யூரோவில் ஓடுகிறது. விலைவாசி நிலையாக இருக்கும். ஆனால் நோட்டு அச்சடிக்கும் அதிகாரம் கிடையாது, வங்கி தள்ளாடினால் தூக்கிவிட ஆளும் கிடையாது. 2008இல் எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து விழுந்தபோது பிரிட்டன் அரசு அதில் போட்ட முதலீடு 4,550 கோடி பவுண்டு. மேலே சொன்ன பற்றாக்குறையைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஒரு வங்கிக்கு.

3. சொந்த நாணயம். வட்டி விகிதமும் நாணய மதிப்பும் கையில் இருக்கும். ஆனால் வீட்டுக்கடன் பவுண்டில், சம்பளம் புது நாணயத்தில் என்றாகி, புது நாணயம் 15 சதவீதம் விழுந்தால் தவணை அந்த அளவுக்கு மேல் கூடிவிடும்.

முதல் வழி ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு ஸ்லோவாக்கியா பாடம். செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டானது. ஆறு மாதமாவது ஒரே நாணயத்தில் இருப்போம் என்று பேசிக்கொண்டார்கள். ஸ்லோவாக் பக்கம் மதிப்பு குறையப் போகிறது என்று ஊகித்த மக்கள் சேமிப்பைச் செக் வங்கிகளுக்கு மாற்றினார்கள். பிப்ரவரி 8 அன்றே நாணயம் பிரிந்தது. புது நோட்டு அச்சடிக்க நேரமில்லாததால் பழைய நோட்டின் மேல் ஸ்டாம்ப் ஒட்டிப் புழக்கத்தில் விட்டார்கள். 2016 நவம்பரில் வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஐந்தாறு வாரங்களை விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் ஸ்லோவாக் நாணயத்தின் மதிப்பு 10 சதவீதம் குறைக்கப்பட்டது.

அங்கே நடந்தது இரு அரசுகளும் ஒத்துப்போன பிரிவு. ஒத்துப்போகாவிட்டால் பணம் இன்னும் வேகமாக ஓடும். 2017 அக்டோபர் 1 அன்று கத்தலோனியாவில் ஸ்பெயின் அரசு தடுத்த வாக்கெடுப்பு நடந்தது. ஒரு வாரம் முடிவதற்குள் சபாதெய் வங்கி அலிகாந்தேவுக்கும் காய்ஷாபேங்க் வலென்சியாவுக்கும் தங்கள் பதிவு அலுவலகத்தை மாற்ற முடிவெடுத்தன.

இதற்கு மாற்றாகப் பொறுமையான வழியும் உண்டு. 1922இல் பிரிந்த அயர்லாந்து 1928இல் சொந்தப் பவுண்டு வெளியிட்டாலும் அதை ஒன்றுக்கு ஒன்று என்று பிரிட்டன் பவுண்டோடு கட்டியே வைத்திருந்தது, 1979 வரை. கொடி மாறி அரை நூற்றாண்டுக்கும் மேலாக அயர்லாந்தின் வட்டி விகிதம் நடைமுறையில் லண்டனின் போக்கிலேயே போனது. அதைச் சுதந்திரம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது புத்திசாலித்தனமான வாடகை.

கிணறும் தடமும்

கொங்குப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பூமியைப் பிரிப்பது நாலு வரியில் முடிந்துவிடும். கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எந்த முறை, மின் இணைப்பு யார் பேரில், வண்டித்தட பாத்தியம் எந்த வரப்பு வழியாக என்பதற்குத்தான் பக்கம் பக்கமாகப் போகும். நாடுகள் பிரியும்போதும் சண்டை வருவது இந்த இனங்களில்தான்.

சொத்தையும் கடனையும் பிரிக்க எளிய அளவுகோல் மக்கள்தொகை. செக்கும் ஸ்லோவாக்கும் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டன, அசையாச் சொத்து இருந்த இடத்துக்கே போனது. அயர்லாந்து பிரிட்டன் கடனில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று முதலில் ஒப்பந்தம் இருந்தது. 1925இல், பிரிட்டனிடமே இருந்துவிட்ட வட அயர்லாந்தின் எல்லையை அப்படியே விட்டுவிடும் உடன்பாட்டோடு சேர்த்து அந்தப் பங்கு கைவிடப்பட்டது. நிலத்துக்கும் கடனுக்கும் பேரம் என்று அதைப் படிப்பவர்கள் உண்டு.

தண்ணீருக்கு நல்ல உதாரணம் சிங்கப்பூர். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து அது வெளியே வந்தபோது குடிநீருக்கு மலேசிய மாநிலமான ஜொகூரை நம்பியிருந்தது. 1961, 1962ஆம் ஆண்டுகளின் நீர் ஒப்பந்தங்களைப் பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி செய்து அதை ஐக்கிய நாடுகள் அவையில் பதிவு செய்தார்கள். 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் காலனுக்கு 3 சென் விலையில் நாளுக்கு 25 கோடி காலன்வரை எடுக்கலாம், 2061 வரைக்கும். விலையை உயர்த்த வேண்டும் என்று மலேசியத் தலைவர்கள் எத்தனையோ முறை கேட்டும் ஒப்பந்தம் நிற்கிறது. கோவை குடிக்கும் சிறுவாணித் தண்ணீரின் அணை கேரளத்தில் இருக்கிறது, எத்தனை அடி தேக்குவது என்று கோடைதோறும் பேச்சு எழுகிறது. இரு மாநிலத்துக்கும் மேலே ஒரு மத்திய அரசும் உச்ச நீதிமன்றமும் உண்டு. இரு நாடுகளுக்கு அப்படி ஒரு மேலிடம் கிடையாது, எழுதி வைத்த காகிதம்தான்.

அந்தக் காகிதம் இல்லாமல் கிளம்பிய நாடு தெற்குச் சூடான். 2011இல் பிரிந்தபோது எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி தெற்கில், அதைக் கடலுக்குக் கொண்டுபோகும் குழாய் வடக்கில். குழாய் வாடகை எவ்வளவு என்று முடிவாகவில்லை. தகராறு முற்றி 2012 ஜனவரியில் தெற்குச் சூடான் தன் எண்ணெய் உற்பத்தியைத் தானே நிறுத்தியது. அரசு வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஒரே நாட்டுக்குள் பிரிந்தாலும் இது சுலபமில்லை. 2014இல் தெலங்கானா உருவானபோது சொத்து, கடன் பங்கீட்டுக்கு ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 என்ற மக்கள்தொகை விகிதமும், மின்சாரத்துக்குத் தெலங்கானாவுக்கு 53.89 சதவீதம் என்ற தனி விகிதமும் வகுத்தார்கள். ஹைதராபாத் பத்து ஆண்டுகள் பொதுத் தலைநகர். அந்தப் பத்து ஆண்டுகளும் 2024 ஜூன் 2இல் முடிந்தன, அரசு நிறுவனங்களின் சொத்துத் தகராறு மட்டும் முடியவில்லை.

எல்லை போட்டால் என்ன ஆகும்?

ஸ்காட்லாந்து வெளியே விற்கும் சரக்கிலும் சேவையிலும் ஏறக்குறைய 60 சதவீதம் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கே போகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது (பிரெக்சிட்) பற்றிய 2016 வாக்கெடுப்பில் அங்கே 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் நீடிக்க விரும்பினார்கள், பிரிந்த பிறகு ஒன்றியத்தில் சேருவதே பிரிவினைத் தரப்பின் திட்டம். சேர்ந்தால் இங்கிலாந்து எல்லை ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும்.

எல்லைச் சோதனை என்றால் என்ன என்பது வாளையார் வழியாக லாரி ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே மணிக்கணக்கில் வண்டி நிற்கும். அத்தனைக்கும் அது ஒரே நாட்டுக்குள் இருந்த சோதனைச்சாவடி. செக்கும் ஸ்லோவாக்கும் இதைத் தவிர்க்கப் பிரியும்போதே சுங்க ஒன்றியம் அமைத்து, 2004இல் இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்வரை வைத்திருந்தன. வாங்கும் பகுதியாக இருந்த ஸ்லோவாக்கியா தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே இருந்த வோக்ஸ்வேகனோடு பிறகு கியா, பெஜோ கார் ஆலைகளும் சேர்ந்து, இன்று தலைக்கு அதிகக் கார் தயாரிக்கும் நாடு அதுதான். 2009இல் யூரோவுக்கும் மாறிவிட்டது. அயர்லாந்துக்கு அந்த அதிர்ஷ்டம் வர நெடுங்காலம் ஆனது. 1932 முதல் 1938 வரை பிரிட்டனோடு வரிப்போர் நடந்தது, 1950களில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்து, 1990களில்தான் செழித்தது. ‘அயர்லாந்தைப் பார்’ என்று இரு தரப்பும் சொல்கின்றன. ஒருவர் 1955ஐக் காட்டுகிறார், மற்றவர் 2000ஐக் காட்டுகிறார்.

திருப்பூர் கவனிக்க வேண்டியவை

1. இந்திய - பிரிட்டன் ஒப்பந்தம் பிரிட்டன் அரசோடு போட்டது. ஸ்காட்லாந்து பிரிந்தால் வரிச்சலுகை தானாக அதைத் தொடர்ந்து போகாது, இரு தரப்பும் சம்மதித்து எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் ஒன்றியத்தின் வரிப்பட்டியல்தான் பொருந்தும்.

2. இங்கிலாந்துக் கிடங்கில் இறக்கி அங்கிருந்து கிளாஸ்கோ கடைக்குப் போகும் பனியன் அப்போது இரண்டாவது சுங்கத்தைக் கடக்க வேண்டிவரும். ‘இந்தியாவில் தயாரானது’ என்ற சான்று ஷிப்மென்ட் முழுவதற்கும் ஒன்றாக இருந்தால் போதாது, பிரித்து அனுப்பும் சரக்குக்குத் தனித்தனியாக வேண்டியிருக்கும்.

3. எல்லாவற்றுக்கும் முன்பாக அசைவது நாணயம். 2016 ஜூன் 24 அன்று, பிரெக்சிட் முடிவு தெரிந்த ஒரே நாளில், டாலருக்கு எதிராகப் பவுண்டு ஏறக்குறைய 8 சதவீதம் சரிந்தது. பிரிட்டன் சட்டப்படி வெளியேறியது 2020 ஜனவரியில். அதாவது சந்தை சட்டத்துக்காகக் காத்திருக்காது. இன்னொரு வாக்கெடுப்புக்கு லண்டன் சம்மதித்தது என்ற செய்தி வரும் நாளில் பவுண்டில் பில் போட்டு ஃபார்வர்டு கவர் (மாற்று விகிதத்தை முன்கூட்டியே பூட்டிவைக்கும் வங்கி ஏற்பாடு) எடுக்காமல் விட்டவருக்கு ஆர்டரின் லாபம் அங்கேயே போய்விடும்.